ஜன்னலை இறக்கிய தீதி

தீவுகளின் வடகோடியில் உள்ள திக்லிபூரில் அங்கன்வாடிக் கட்டடம் கட்டப் போன கொத்தனார்களில் நானும் ஒருவன். பிள்ளைகள் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதனால் டீச்சர் தினமும் வந்து புதுச் சுவர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்ப்பார். வெயிலில் கறுத்த, ஒல்லியான பெண். தீதி, அதாவது அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். யாரிடமும் தரையில் உட்கார்ந்துதான் பேசுவார். சின்னப் பிள்ளைகளோடு இருந்து வந்த பழக்கம்.

ஒருநாள், தலைக்கு மேலே ஜன்னல் விட்டிருந்த சுவரோரம் உட்கார்ந்து, “அண்ணே, இங்கேருந்து என் பிள்ளைங்களுக்கு ஜன்னல்ல என்ன தெரியும்?” என்று கேட்டார்.

“பிளான் மெயின்லேண்ட்ல போட்டது தீதி. மாத்தினா பில் பாஸ் ஆகாது.”

இன்ஜினியர் வந்தபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. “உட்காருங்க சார், அண்ணாந்து பேசினா கழுத்து வலிக்குது” என்றார். இன்ஜினியர் பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அங்கிருந்து அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தார். “ஜன்னலை இறக்கிக் கட்டுங்க” என்றார்.

இறக்கிக் கட்டினோம். ஆனால் கூரைக்கான பணம் வரவில்லை. அடுத்த வருஷ நிதியில் வரும் என்றார்கள். கான்ட்ராக்டர் எங்களைத் திருப்பி அனுப்பினார். கிளம்பும்போது தீதி சுவர்மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

“மழை வந்தா என்ன செய்வீங்க?”

“பிள்ளைங்க மழையைப் பாக்கட்டும்ணே. அதுக்குத்தான் ஜன்னல் இருக்கே.”

நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. விளையாட்டாகச் சொன்னாரா, கோபத்தில் சொன்னாரா, இன்றுவரை தெரியவில்லை. இப்போது தெற்கே ஜங்லிகாட்டில் வேலை. மழை பிடித்துக்கொண்டால், அந்தக் கூரை போட்டிருப்பார்களா என்றுதான் முதலில் நினைக்கிறேன்.