கப்பல் இருக்கை போட்ட கல்யாண மண்டபம்

'ஆபத்து நேரத்தில் உயிர்காப்பு அங்கி உங்கள் இருக்கைக்கு அடியில்.' இந்த வாசகத்தை நான் முதலில் படித்தது கடலில் அல்ல. மழைக்கே வழியில்லாத வெள்ளகோவிலில், என் தாய்மாமன் கட்டிய கல்யாண மண்டபத்தில்.

அந்தமானுக்கு ஆள் ஏற்றிப்போன கப்பலின் இருக்கைகள் அவை. வயதான கப்பலைக் கடற்படை எடுத்து, வெள்ளை உடம்புக்குச் சாம்பல் நிறம் பூசி, போர்க்கப்பல்களுக்கு அரிசியும் எண்ணெயும் கொண்டுபோகும் துணைக் கப்பலாக்கியது. சரக்குக்கு இடம் வேண்டுமென்று இருக்கைகளைக் கழற்றி ஏலம் விட்டார்கள். சென்னைக்கு லாரி டயர் வாங்கப் போன மாமா, அவற்றோடு திரும்பினார். கப்பலில் இருந்தபடியே வரிசையாகத் தரையில் போல்ட் போட்டு முடுக்கினார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு வட்டமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேச முடியாத மண்டபம், எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து கப்பலும் சொந்தக்காரர் ஆகிவிட்டது. நான் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்து, "நம்ம கப்பலு இப்ப எங்க நிக்குது, கண்ணு?" என்பார். கடற்படை அதையெல்லாம் சொல்லாது என்றால், "சீட்டு வாங்குனவனுக்குக்கூடவா?" என்று வருத்தப்படுவார்.

மண்டபத்தில் முதல் கல்யாணம் மாமா மகளுடையது. முகூர்த்தம் நெருங்கும்போது, மாப்பிள்ளையை வளர்த்த அத்தை இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, முன் இருக்கையின் முதுகில் இருந்த அந்த வாசகத்தைப் படித்தார். குனிந்து அடியில் பார்த்தார். அங்கிகள் கப்பலோடு போய்விட்டிருந்தன. அவர் எழுந்தார்; மாப்பிள்ளை வீடு மொத்தமும் எழுந்தது.

"ஏனுங்க சம்பந்தி, தாலி கட்டற எடத்துல ஆபத்துன்னு எழுதியிருக்கீங்க. அடியில பாத்தா ஒண்ணையுங் காணம். எதை நம்பிப் பையனை மணையில உக்கார வெக்கறதுங்க?"

மாமன் மகள் மாலையோடு அப்படியே நின்றாள். மாமாவின் கண் வாசலில் அடுக்கியிருந்த தாம்பூலப் பைகள் மீது போயிற்று.

"வெக்கறதுக்குள்ள நீங்க பாத்துப்போட்டீங்களே, அம்மணி!" என்றவர், ஒரு பையை எடுத்துவந்து இருக்கைக்கு அடியில் பணிவாக வைத்தார்.

அத்தை பையை எடுத்தார். தேங்காயைக் கையில் வைத்து எடை பார்த்தார். "காயி சிறுசுங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். தாலி ஏறியது.

இன்றைக்கும் அந்த மண்டபத்தில் தாம்பூலப் பை வாசலில் கொடுப்பதில்லை. விருந்தாளிகள் குனிந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

சென்ற மாதம் அந்தமானில் தீவுக்குத் தீவு போகும் படகில் ஏறினேன். முன் இருக்கையின் முதுகில் அதே வாசகம். கை தானாக அடியில் போனது. ஆரஞ்சு நிற அங்கி ஒன்று வந்தது. மாமாவைப் போனில் கூப்பிட்டேன்.

"மாமா, இங்க சீட்டுக்கு அடியில நெசமாவே வெச்சிருக்காங்க."

"அப்படீங்களா கண்ணு! காயி பெருசா?"