அத்தை பேரில் சுற்றியது

விசாரணைக்கு ஆள் வரும் என்று பீடிக்கடைக்காரர் சொல்லிவிட்ட நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. போலீஸ் விசாரணை ஒன்றும் இல்லை. பி.எஃப். ஆபீஸிலிருந்து ஒரு சார் வந்து, நான் நிஜமாகவே பீடி சுற்றியவள்தானா என்று பார்த்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்'தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

போன அடைமழையில் எனக்கு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கால் தேறிவிட்டது. வாயும் தேறிவிட்டது. வாய் மட்டும் கொஞ்சம் தாமதமாகத் தேறியிருந்தால் வீடு அமைதியாக இருந்திருக்கும் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. வலது கைதான் வரவில்லை. தோளில் இருந்து தொங்குகிறது, விரல்கள் பாதி மூடியபடி. வேலையில் இருக்கும்போது இப்படி ஆகிவிட்டால், வயசாகும்வரை காத்திருக்காமல் இப்போதே பென்ஷன் வாங்கலாம், கொஞ்ச நாள் பணம் கட்டியிருந்தாலும் போதும் என்று கடைக்காரர் சொன்னார். என் பேரில் இருந்ததே கொஞ்ச நாள்தான். எனக்கென்று கடையில் பாஸ், அதாவது இலை, தூள் கணக்கு எழுதும் புத்தகம், வாங்கி அரை வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

அதுதான் ஆபீஸில் இடித்தது. நேற்று சேர்ந்தாள், இன்று கை போச்சு என்று வந்து நிற்கிறாளே, ஏற்கெனவே கை விளங்காத ஒருத்தியைப் பென்ஷனுக்காகவே சேர்த்துவிட்டார்களோ என்று சந்தேகம். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் கேட்கப்படுகிறவளாக இருப்பது வேறு.

உண்மை என்ன? வடகரையிலிருந்து மேலகரத்துக்குக் கல்யாணமாகி வந்த மாசமே பீடி சுற்றும் முறமான சுளவு, மாமியாரான அத்தை மடியிலிருந்து என் மடிக்கு மாறிவிட்டது. புகையிலைத் தூள் நெஞ்சில் ஏறி அத்தைக்கு ஓயாத இருமல், அவளால் உட்கார்ந்து சுற்ற முடியாது. பாஸில் பேர் மட்டும் மாறவில்லை. பேரை மாற்றப் போனால் கடையில் சுற்றக் கொடுக்கும் இலையைக் குறைத்துவிடுவார்கள் என்று பயம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதுதான் நடப்பு. ஆக, நான் சுற்றிய பீடி அத்தை பேரில் போனது, பி.எஃப். பிடித்ததும் அத்தை பேரில், வயசு முடிந்து பென்ஷன் வந்ததும் அத்தைக்கு. அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு பாஸ். இருபது வருஷத்துக்கு மேல் சுற்றியவள், ஆபீஸ் கணக்கில் புதுப்பெண்.

இதை அப்படியே சொல்லிவிடலாமே என்றால், சொன்னால் அத்தை பென்ஷன் என்ன ஆகும்? வேறொருத்தி சுற்றியதற்கு இவள் எப்படி வாங்கலாம் என்று நிறுத்திவிட்டால்? கொடுத்ததையும் திருப்பிக் கேட்டால்? அப்படியெல்லாம் செய்வார்களா என்று எனக்குத் தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது. அந்தப் பேச்சை எடுத்ததுமே அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அத மட்டும் மூச்சு விட்ராதிய" என்றார். அத்தையின் மருந்தும் மாத்திரையும் அந்தப் பென்ஷனில்தான் ஓடுகிறது.

அத்தையும் நானும் முட்டிக்கொள்ளாத நாள் கிடையாது. உப்பு, புளி, துணி காயப்போட்டது, கதவைச் சாத்தியது, எல்லாவற்றுக்கும் பேச்சு இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. சார் வந்தால் என்ன சொல்லப்போகிறாய் என்று அவள் கேட்கவில்லை. என்ன சொல்லட்டும் என்று நானும் கேட்கவில்லை.

அது சீசன் நேரம். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். குற்றாலத்துக்குச் சவாரி ஓய்வே இல்லாமல் இருக்கும். ஒருநாள் கூட்டம் சேருவதற்கு முன்னால் விடியற்காலையில் என்னை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார். மூலிகைத் தண்ணீர், நரம்புக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் கையைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீரில் நீட்டிக்கொண்டு நின்றார், பாவம், அவர் பல்லெல்லாம் குளிரில் தந்தியடித்தது. நான் நம்பவில்லை என்று சொன்னால் பொய். திரும்பும்போதுதான் எனக்கு உதறல் எடுத்தது. தெருக்காரர் யாராவது பார்த்து, அருவியில் ஆட்டம் போடுகிறவளுக்கு என்ன கேடு என்று அந்த சாரிடம் சொல்லிவிட்டால்? வழி நெடுக ஆட்டோவுக்குள் துண்டால் முக்காடு போட்டுக்கொண்டு வந்தேன். கொலை பண்ணிவிட்டுத் தப்பிக்கிறவள் மாதிரி இருக்கிறாய் என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாமி கும்பிடுவதும் குழம்பிப்போனது. கை வந்துவிட வேண்டும் என்று கும்பிட்டேன். உடனே, விசாரணை முடியும்வரை வரக்கூடாது என்றும் கும்பிட்டேன். இப்படி ஒரு பிறவி உண்டா என்று என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

பி.எஃப். சார் வந்த அன்று சாரல் விடாமல் பெய்தது. சின்ன வயசுதான். ரெயின்கோட்டை வெளியில் கழற்றிவிட்டு, ஈரக்காலோடு உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு வந்தார். அதட்டுகிற ஆளாக வந்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். மரியாதையாகப் பேசியதால் உட்காருங்கள் சார் என்றுதான் சொல்ல வந்தது. அத்தை டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அடுக்களை வாசலில் நின்றுகொண்டாள்.

எவ்வளவு நாளாகச் சுற்றுகிறீர்கள் என்று கேட்டார். பாஸ் வாங்கியதிலிருந்துதான் என்றேன். யார் சொல்லிக்கொடுத்தது என்றார். அத்தைதான் என்றேன். அவ்வளவும் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது. அத்தை பக்கம் நான் திரும்பவே இல்லை.

அவர் என் கையைப் பார்த்தார், அலமாரி மேல் கவிழ்த்து வைத்திருந்த சுளவைப் பார்த்தார். பிறகு, "கொஞ்சம் சுத்திக் காட்டுங்கம்மா" என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "கை இருந்தா நான் எதுக்கு சார் உங்கள வரச் சொல்லுதேன்?" என்றேன். சுற்றிக்காட்டினால் கை நன்றாக இருக்கிறது என்பார்கள். காட்டாவிட்டால் பீடியே தெரியாதவள் என்பார்கள். இதில் எந்தப் பக்கம் விழ? அவர் கோபப்படவில்லை. முடிந்த மட்டும் செய்தால் போதும் என்றார். அத்தை பக்கத்து வீட்டுக்குப் போய் வெட்டி நனைத்த இலையும் தூளும் வாங்கிக்கொண்டு வந்து என் மடியில் சுளவை வைத்தாள்.

எத்தனை மாசம் கழித்து அந்த வாசனை! இடது கை என்னைக் கேட்காமலே ஈரத்துணிக்குள் போய் ஒரு இலையை எடுத்தது. பெருவிரல் இலையின் நரம்பைத் தடவிப் பார்த்தது. இலையைச் சுளவில் கிடத்தி, ஒரு சிட்டிகைத் தூளை அள்ளி நீளவாக்கில் போட்டது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இலையை எடுத்து விரலுக்குள் வளைத்து உருட்டத் தொடங்கியது. அந்த இடத்தில் வலது கை வர வேண்டும். வரவில்லை. இலை விரிந்துகொண்டது, தூள் கொட்டியது. விட்டுத் தொலைத்திருக்கலாம். நான் இன்னொரு இலையை எடுத்தேன். அதுவும் கொட்டியது. இன்னொன்று எடுத்தேன். முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோதுகூட நான் நம்பவில்லை, அன்றைக்குத்தான் நம்பினேன்.

"போதும்மா" என்றார் அவர். என் இடது கையைக் காட்டி, "இது ஆறு மாசத்துல படிச்ச கை இல்லையே" என்றார்.

குற்றமாகச் சொன்னாரோ, மனசில் பட்டதைச் சொன்னாரோ, எனக்குத் தெரியவில்லை. வாயைக் கட்டி வைத்திருந்தேன். கை காட்டிக்கொடுத்துவிட்டது. சுளவை மடியிலிருந்து இறக்கி வைத்தேன்.

அத்தைதான் பேசினாள். "அவ இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து சுத்துதா. எம் பாஸ்ல போன பீடி பூராவும் அவ சுத்துனதுதான். எழுதிக்கிடுங்க."

சும்மா இருங்க அத்தை என்றேன்.

"நீ சும்மா இருட்டி" என்றாள்.

அவர் பேனாவை எடுத்தார். குனிந்து எழுதினார். எதை எழுதினார், எதை விட்டார் என்று நான் பார்க்கவில்லை. டாக்டர்கள் பார்ப்பதற்குக் கூப்பிடுவார்கள், போய்விட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சாரலில் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் அத்தையைப் பிடித்துக்கொண்டேன். கூறு இருக்கிறதா உங்களுக்கு, பென்ஷனை நிறுத்திவிட்டால் மருந்துக்கு யாரிடம் போய் நிற்பீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் தரையில் கொட்டிய தூளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் மருமகள் வீட்டில் சும்மாதான் இருக்கிறாள் என்று சொல்லி வந்தவள் அவள். எத்தனை வருஷம் அந்தச் 'சும்மா'வைக் கேட்டுக்கொண்டு சுற்றியிருக்கிறேன். கத்திக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டேன்.

டாக்டர்கள் பார்த்தார்கள். இந்த வேலைக்கு இனி ஆகாது என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு முதல் பென்ஷன் ஒரு மாசக் கடைசியில் வந்தது. போனில் மெசேஜ் சத்தம் கேட்டதும் வீட்டுக்காரர் எடுத்துப் படித்துவிட்டு, நான் வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் கறி எடுக்கப் போய்விட்டார். அத்தைக்கும் அதே நாளில்தான் எப்போதும் வரும். அவள் போன் சத்தம் போடவில்லை. மத்தியானம் ஆகியும் போடவில்லை. பாங்கியில் ஏதோ சுணக்கம், மறுநாள் வந்துவிட்டது, இன்றுவரைக்கும் நிற்காமல் வருகிறது. ஆனால் அன்று மத்தியானம் அது எங்கள் யாருக்கும் தெரியாது. சோற்றுக்கு முன்னால் நான் கரண்டியைப் பிடித்தபடி அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உனக்கு வந்துட்டுல்லா. பெறவு என்ன, சாப்புடு" என்றாள்.