கிண்ணத்தைத் திருப்பி வாங்கிய வேலாயுதம் அண்ணன்

வேலாயுதம் அண்ணன் காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் மீன்காரர். காலை ஏழு மணி. எத்தாளையில் என் தேநீர்க் கடை நிரம்பியிருக்கும் நேரம். மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே, "நானா, ஆலங்குடாவில உங்கட விசில்கார ஐயா போயிட்டாராம். உடப்புக்குக் கொண்டுபோறாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கையிலிருந்த தேத்தண்ணி வடியைக் கீழே வைத்தேன். "இன்னா லில்லாஹி" என்று வாயில் வந்தது. அதற்குப் பின்னாலேயே சிரிப்பும் வந்துவிட்டது.

"மௌத்துச் செய்தி கேட்டுச் சிரிக்கிற மனிசன இப்பதான் பாக்கிறன்" என்று என் மனைவி ஜெஸீமா அதட்டினாள். "விசில்" என்றேன், அவ்வளவுதான். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கத் தொடங்கினாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அன்று கடைக்கு வந்தவர்கள் உப்புச் சப்பில்லாத தேத்தண்ணி குடித்துவிட்டு முழுக் காசும் வைத்துவிட்டுப் போனார்கள்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான் ஏதாவது எழுத வேண்டும் என்று அவருடைய மகள் கேட்டார். "சோகமா எழுதாதீங்க நானா. அப்பாவுக்கே பிடிக்காது" என்றும் சொன்னார். அவரை அறிந்த உங்களுக்கு நான் சொல்வதில் பாதி தெரிந்திருக்கும். மீதிப் பாதியில் எனக்குக் கொஞ்சம் வெட்கம் இருக்கிறது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவர் உடப்பில், கடலோர ஊரில், பிறந்தவர். அலைக்குப் பயந்து மலைக்கு ஓடினவன் என்று தன்னைத் தானே பகிடி பண்ணுவார். மலைநாட்டில் ஒரு குதிரைப் பந்தயத் திடலில் முப்பது வருடம் வேலை செய்தார். என்ன வேலை என்று கேட்டால் நெஞ்சை நிமிர்த்தி, "மூத்திரம் பிடிக்கிறது" என்பார். வென்ற குதிரைக்கு யாராவது மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க, அது ஓடி முடித்த கையோடு அதன் சிறுநீரை எடுத்து, முத்திரை வைத்து, பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். குதிரை நாம் கேட்டவுடன் பெய்யாது. பக்கத்தில் நின்று மெதுவாக, ஒரே சுதியில் விசில் அடிக்க வேண்டும். குதிரைகளை அப்படித்தான் பழக்கியிருப்பார்களாம். நீண்ட தடியின் நுனியில் குவளையைக் கட்டிக்கொண்டு, மழையிலும் பனியிலும் விசில் அடித்தே பிள்ளைகளைப் படிக்கவைத்த மனிதர் அவர். "குதிரைக்காரனிட்ட கேட்டா ஒரு மணித்தியாலம் கதைப்பான். குதிரை ஒரு குவளையில சொல்லி முடிச்சிரும்" என்பார்.

ஓய்வு பெற்று ஆலங்குடாவில் மகள் வீட்டுக்கு வந்திருந்தவர் எங்கள் சவாரிச் சங்கத்துக்குள் வந்ததற்குக் காரணம் ஒரு குடிகார மாடு. மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு போரில் வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம்களான எங்களோடு மாட்டுவண்டிப் பந்தயச் சவாரி ஆசையும் கூடவே வந்தது. போர் முடிந்து பாதை திறந்த பிறகு ஊரிலிருந்து நல்ல நாம்பன் மாடுகளைக் கொண்டுவந்தோம். குறிஞ்சிப்பிட்டி வெளியில் சவாரி தொடங்கியது. உள்ளூர்க்காரரும் வண்டில் கட்டினார்கள். இரண்டாம் வருடமே சிலர் ஓட்டத்துக்கு முன்னால் மாட்டுக்குச் சாராயம் பருக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்படிக் குடித்த ஒரு சோடி எல்லைக்கோட்டை விட்டுவிட்டு, வண்டிலையும் வண்டில்காரரையும் இழுத்துக்கொண்டு நேரே களப்புத் தண்ணிக்குள் இறங்கிவிட்டது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காமல் நின்றவர் வேலாயுதம் அண்ணன் ஒருவர்தான். ஈரம் சொட்ட நின்ற மாட்டின் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, சங்கச் செயலாளரான என்னிடம் வந்தார்.

"முதலாளி, இதுக்கொரு சட்டம் வேணும்."

பெஞ்சும் அடுப்பும் ஒரு பால் சட்டியும் உள்ள கடைக்காரனை முதலாளி என்று கூப்பிட்டவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். கடைசிவரை அப்படியே கூப்பிட்டார்.

சட்டத்தை என் கடையில் உட்கார்ந்து எழுதினோம். அவர் சொல்ல, நான் என் அழகான கையெழுத்தில் எழுதினேன். ஆணி வைத்த தடி கூடாது. மிளகாய்த் தூள் கூடாது. வென்ற சோடியின் சிறுநீர் எடுக்கப்படும். சாராயம், கஞ்சா, ஊசி மருந்து, வலி மருந்து, கோப்பியில் உள்ள சத்து ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலிடம் ரத்து. கோப்பி என்றதும் நான் பேனையை வைத்துவிட்டேன்.

"அண்ணே, மாடு எங்க அண்ணே கோப்பி குடிக்குது?"

"குதிரைக்குக் குடுப்பாங்கள். நீங்க எழுதுங்க."

எழுதினேன். கடைசி வரி அவருடைய சொந்த வரி: மாட்டின் உடம்பில் இருக்கக் கூடாதது இருந்தால், யார் கொடுத்தது, எப்படி வந்தது என்ற கேள்வி இல்லை. அதை எழுதும்போது எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மற்றவர்கள் நன்றாக மாட்டுப்படுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

முதல் தடவை சிறுநீர் எடுத்த நாளை இந்தக் கரையில் மறந்தவர் யாரும் இல்லை. ஓடி வென்ற சோடியின் பக்கத்தில் குவளைத் தடியோடு நின்று அவர் விசில் அடித்தார். மாடு அசை போட்டது. சுதியை மாற்றி அடித்தார். மாடு காதை ஆட்டியது. முக்கால் மணி நேரம் அடித்தார். சனம் சவாரியை விட்டுவிட்டு இங்கே கூடிவிட்டது. சிலர் தாங்களும் சேர்ந்து விசில் அடித்து உதவி செய்தார்கள். மாட்டுக்காரர் வீட்டில் வளர்ந்த ஜெஸீமா அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து எனக்கு ஆள் அனுப்பினாள். "அந்த அண்ணனிட்டச் சொல்லுங்க, மாடு விசிலுக்குப் பெய்யாது. அடிவயித்த மெல்லத் தடவணும்." சொன்னேன். தடவினார். குவளை நிறைந்து கையிலும் வழிந்தது. அவர் அந்தக் கையைக் கழுவிவிட்டு நேரே பெண்கள் பக்கம் போய், ஜெஸீமாவுக்குக் கைகூப்பி, "தங்கச்சி, முப்பது வருசம் படிச்சது வேற பள்ளிக்கூடம்" என்றார். போத்தலுக்கு முத்திரை வைத்து, கொழும்புக்குப் போகும் இறால் லொறியின் ஐஸ் பெட்டியில் அனுப்பினார். அங்கே ஆய்வுகூடமொன்றில் அவருடைய பழைய சிநேகிதர் இருந்தார். அந்த லொறியில் போன இறால் யார் வீட்டுச் சட்டிக்குப் போனது என்று நான் யோசிப்பதில்லை.

நாலாம் வருடம் என் சோடி வென்றது. கறுவலும் மயிலையும். ஒரு முழு வண்டில் தூரம் முன்னால் வந்தன. அந்த நாளை எப்படிச் சொல்ல? இரண்டு பையோடு வந்து இறங்கியவன் நான். முகாமில் இருந்தோம், பிறகு ஓலை வீடு, பிறகு கல் வீடு. எல்லாம் ஆன பிறகும் ஊர்க்கதையில் நாங்கள் 'வந்தவங்கள்'தான். அன்று உள்ளூர்க்காரர்கள் என்னைத் தோளில் தூக்கினார்கள். பரிசுக் கிண்ணத்தைக் கடையில் சீனிப் போத்தலுக்கு மேலே வைத்தேன். சீனி எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்க்கலாம்.

இரண்டு கிழமை கழித்து வேலாயுதம் அண்ணன் வந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். அப்படி அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

"முதலாளி, கறுவல்ட மூத்திரத்தில கோப்பிச் சத்து இருக்கு."

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. யாரோ வேண்டுமென்று செய்திருக்கிறார்கள் என்றேன். போத்தல் மாறிவிட்டது என்றேன். இறால் லொறிக்காரனைக்கூட விடவில்லை. அவர் எழுந்து கடையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே என் மாடுகளின் தொட்டி. அதற்குள் கையை விட்டு அள்ளி மூக்கில் வைத்துப் பார்த்தார். கஞ்சித் தண்ணி, தவிடு, அன்றைய தேயிலைச் சக்கை.

"இது எத்தினை நாளா?"

"கடை தொடங்கின நாள்ல இருந்து. சக்கைய வீணா எறியிறதா அண்ணே?"

"கோப்பியில இருக்கிற சத்துத்தான் முதலாளி தேயிலையிலயும் இருக்கு."

சொல்லிவிட்டு அவர் விறகுக் குவியலில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. பிறகு சத்தமாகவே சிரித்தார்; கண்ணீர் வரும்வரை சிரித்தார். தினமும் ஐம்பது கோப்பைத் தேத்தண்ணியின் சக்கையைத் தின்ற மாடு ஓடாமல் என்ன செய்யும்! நானும் சிரித்தேன். அப்பாடா, பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"கிண்ணத்தைத் தாங்க."

"அண்ணே, நான் களவு செய்யல்ல எண்டு உங்களுக்கு விளங்கிட்டுத்தானே?"

"ஓம், விளங்கிட்டு."

"அப்ப என்னத்துக்கு?"

"நீங்க எழுதின சட்டம். கையெழுத்தும் வடிவா இருக்கு."

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. கிண்ணம் போனால் போகட்டும். "அண்ணே, சனம் என்ன சொல்லும்? வந்தவன் மாட்டுக்கு மருந்து குடுத்து வெண்டான் எண்டு சொல்லும். இத்தினை வருசத்தில இந்த ஊர்ல ஒரு ஆள் என்னக் கள்ளன் எண்டு சொன்னதில்ல" என்றேன். அவர் கடைக்குள் போய்ச் சீனிப் போத்தலுக்கு மேலிருந்த கிண்ணத்தை எடுத்தார். பிறகு அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவரை நான் அன்று மனதுக்குள் திட்டிய திட்டுகளை இந்த மலரில் எழுத முடியாது.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே அவர் வாசலில் நின்றார். வீதியைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து பால் விடாத ஒரு பிளேன்ரீ கேட்டார். முதல் ஆள் உள்ளே வந்ததும் தொடங்கிவிட்டார். "கேட்டீங்களா, முதலாளிட மாடு தேத்தண்ணிக்கு அடிமையாகிட்டு!" நான் நின்ற இடத்திலேயே செத்துவிட்டேன். அவர் விடவில்லை. கறுவல் காலையில் எழுந்து பிளேன்ரீ கேட்பதுபோல நடித்தார். தொட்டிக்குள் கைவிட்டு முகர்ந்து பார்த்ததையும், நான் லொறிக்காரனைச் சந்தேகித்ததையும் சொன்னார். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த நாளும் வந்தார். ஒரு மாதம் வந்தார். பள்ளிவாசலால் வருபவர், தோட்டத்துக்குப் போகிறவர், கற்பிட்டி பஸ்ஸுக்கு நிற்பவர் எல்லோருக்கும் இதே கதைதான்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "அண்ணே, கிண்ணத்தையும் எடுத்தீங்க. இப்ப என்னக் கோமாளியாக்கவும் வேணுமா?"

அவர் பிளேன்ரீயை ஊதிக் குடித்தார். "முதலாளி, கள்ளனைப் பாத்துச் சனம் சிரிக்காது. முகத்தத் திருப்பிக்கொண்டு போகும். இஞ்ச ஆராவது திருப்பிக்கொண்டு போறானா, பாருங்க."

பார்த்தேன். கடையில் இருக்க இடமில்லை. ஊர் அதை வம்பாகக் கதைக்கும் முன்பு அவர் அதைப் பகிடியாகச் சொல்லி முடித்திருந்தார். கள்ளன் என்ற பெயர் என்மேல் ஒட்டவேயில்லை. தேயிலைச் சக்கை முதலாளி என்ற பெயர்தான் ஒட்டியது. எனக்கு அது விளங்க ஒரு மாதம் எடுத்தது. அவரைத் திட்டியதற்கு அன்று மன்னிப்புக் கேட்டேன். என்னென்ன சொல்லித் திட்டினேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ரசித்தார்.

அடுத்த வருடம் தொட்டியில் சக்கை இல்லை. என் சோடி மூன்றாவதாக வந்தது. "இதுதான் உங்கட மாடு. போன வருசம் ஓடினது உங்கட தேத்தண்ணி" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இன்றுவரை இருக்கிறது.

அவருக்கும் ஒரு சட்டம் இருந்தது, அதை அவர் மீறினார். சீனி வருத்தம். மகள் சீனியை நிறுத்தச் சொல்லியிருந்தார். அண்ணன் என் கடையில் மூன்று கரண்டி போட்டுக் குடிப்பார். ஒரு நாள் மகள் இரத்தப் பரிசோதனைத் துண்டோடு கடைக்கே வந்துவிட்டார். "சீனி இவ்வளவு கூடியிருக்கு. ஆர் குடுத்தது?" அண்ணன் கூரையைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். பிறகு நான்தான் சொன்னேன்: "மகள், உடம்பில இருக்கக் கூடாதது இருந்தா ஆர் குடுத்தது எண்ட கேள்வி இல்ல. அப்பாட சட்டம்." "நல்லா எழுதிப் படிச்சிருக்கிறீங்க" என்று அண்ணன் என்னை முறைத்துவிட்டு, அன்று வெறும் தேத்தண்ணியைக் கசாயம் போலக் குடித்தார்.

செய்தி வந்த அன்று பின்னேரம் நான் தனியாக உடப்புக்குப் போனேன். பஸ்ஸில் இருந்தபடியே ஒரு பதிலைத் தயார் பண்ணிக்கொண்டு போனேன். தெரியாத இடத்தில், எந்த ஊர் என்று கேட்டால் மன்னார் என்பதா, எத்தாளை என்பதா என்று இத்தனை வருடமாகியும் எனக்குத் தடுமாற்றம்தான். செத்தவீட்டில், உள்ளே பெண்களோடு இருந்த மகளைத் தவிர, ஒருவரையும் தெரியாது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு பந்தலின் ஓரத்தில் ஒதுங்கி நின்றேன். அவருடைய வயதிருக்கும், கடலில் காய்ந்த ஒருவர் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானே தேயிலைச் சக்கை முதலாளி?"

"ஓம்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துச் சனத்துக்கு நடுவால் கூட்டிக்கொண்டு போனார். அண்ணன் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், சொந்தக்காரர் இருக்கும் முதல் வரிசையில், ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தது. "இரிங்க. எத்தாளையில இருந்து இன்ன மாதிரி ஒருத்தர் வருவார், அவர் வந்தா பின்னால நிக்க விடாதீங்க எண்டு வேலாயுதம் போன மாசமே சொல்லி வச்சிட்டான். காலையில இருந்து ஒருத்தரையும் இதில இருக்க விடல்ல" என்றார்.

இருந்தேன். எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. வென்ற கிண்ணம் இப்போது வேறொருவர் வீட்டு அலுமாரியில் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். இந்தக் கரைக்கு வந்த நாள் தொட்டு எனக்கென்று முன்கூட்டியே சொல்லி வைத்து யாரும் ஒரு கதிரை போட்டதில்லை. வேலாயுதம் அண்ணன் போட்டார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.