தாடியும் வீட்டுக் கடனும்

உறையூரில் என்னோடு வேலை பார்த்த பொன்னுத்தாய் ஐந்து மாதம் முழுகாமல் இருந்ததை எங்களில் ஒருத்திகூடக் கண்டுபிடிக்கவில்லை. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். எந்த டீச்சர் உண்டாகியிருக்கிறாள் என்பதை அவளுக்கே தெரிவதற்கு முன்னால் மோப்பம் பிடித்துவிடுகிற ஸ்டாஃப் ரூம் எங்களுடையது.

வாந்தி வந்தால் பித்தம் என்பாள். பித்தம் நிற்காமல் போனபோது, காவேரித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். சீரங்கத்தில் குடியிருந்துகொண்டு காவேரித் தண்ணீரைக் குறை சொல்லும் துணிச்சல்காரியை யார் சந்தேகப்படுவது? ஹாஜிரா டீச்சர் மாங்காய் நறுக்கி உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டு நீட்டியபோது பல் கூசுகிறது என்று தள்ளிவிட்டாள். அந்த ஒரு துண்டுக்கு எப்படி ஏங்கினாள் என்று பின்னால் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இவ்வளவும் ஒரு வீட்டுக் கடனுக்காக. அறுபத்திரண்டாம் வருஷம் ஆசிரியர்களுக்காக ஒரு வீடு கட்டும் சங்கம் உய்யக்கொண்டான் வாய்க்காலுக்குத் தெற்கே மனை பிரித்தது. மனையையும் அதில் எழும்பும் வீட்டையும் சங்கத்துக்கே அடமானம் எழுதிக் கொடுத்தால் கட்டுவதற்குக் கடன். பிள்ளை பெறப்போகிற டீச்சருக்குக் கடன் இல்லை என்று விதிகளில் எங்கும் எழுதவில்லை. எழுதாத அந்த விதியைத்தான் சங்கம் ஒரு தடவைகூடத் தவறாமல் கடைப்பிடித்தது. "பிரசவம் ஆகட்டும்மா, அப்புறம் பார்ப்போம்" என்பார் தலைவர். அப்புறம் பார்க்கும்போது மனை இன்னொருவர் பெயரில் இருக்கும்.

பொன்னுத்தாய் மருங்காபுரிக்காரி. வானம் பார்த்த நிலம். வரிசையாக மழை பொய்த்ததில் கல்யாணத்துக்கு வைத்திருந்த காசு கரைந்துபோய், ட்ரெயினிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டார்கள். "மழை பெஞ்சிருந்தா நான் டீச்சராகியிருக்க மாட்டேன்" என்பாள். அவளைக் கட்டிய அடைக்கலம் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் புடவை விற்றார். தன் தோளிலேயே முந்தானையைப் போட்டுக் காட்டி, வேண்டாம் என்று எழுந்த பெண்ணையும் உட்காரவைக்கிற ஆள். ஞாயிற்றுக்கிழமையானால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, சாமி இல்லை என்று பேசுகிற கூட்டங்களுக்குப் போய்விடுவார். அவர் சம்பளத்துக்குச் சீட்டும் கிடையாது, சர்டிபிகேட்டும் கிடையாது. கடன் கேட்பதென்றால் இவள் சம்பளத்தைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

முதல் பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது. ஒரு தடவை வீட்டில் கிடத்திவிட்டு எடுத்துப் போகலாம் என்று வந்தார்கள். சீரங்கத்து வீட்டுக்காரம்மா, குடித்தனம் இருக்கிற இடம், உள்ளே கொண்டுவராதீர்கள் என்று சொல்லிவிட்டாள். ரிக்‌ஷாவை அப்படியே ஆற்றங்கரைக்குத் திருப்பினார்கள். அந்தப் பிள்ளை ஒரு வீட்டுக்குள்ளும் போகாமலே போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அடுத்த பிள்ளை என்று ஒன்று பிறந்தால் அது சொந்த வீட்டுக்குள்தான் நுழைய வேண்டும், யாரிடமும் கேட்டுக்கொண்டு நுழையக் கூடாது என்று பொன்னுத்தாய் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள்.

அந்தச் சாவில் அடைக்கலத்தின் அம்மா வெள்ளையம்மாள் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்: "மாசமா இருக்கறவ புருஷன் மூஞ்சியில கத்தி வைக்கக்கூடாதுன்னு சொன்னேனேடா." மயிருக்கும் கருவுக்கும் என்ன சம்பந்தம் என்று அடைக்கலம் அம்மாவோடு வெகுநேரம் வாதாடினார். வாதத்தில் அவர்தான் ஜெயித்தார். ஆனால் பொன்னுத்தாய் மறுபடி உண்டானதும் சலூன் இருக்கிற தெருப்பக்கமே போகவில்லை.

கல்யாணமான மனுஷன் திடீரென்று தாடி விட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு இரண்டு காரணம்தான். கோயிலுக்கு வேண்டுதல், இல்லாவிட்டால் பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள். கறுப்புச் சட்டைக்காரருக்கு முதல் காரணம் ஒட்டாது.

"ஊரை ஏமாத்த நான் வயித்த இறுக்கிக் கட்டிக்கிட்டு அலையறேன். நீங்க மூஞ்சியில நோட்டீஸ் ஒட்டிக்கிட்டுத் திரியறீங்களே!" என்று பொன்னுத்தாய் சண்டை பிடித்தாள்.

"எனக்கு இதுல நம்பிக்கை இல்ல பொன்னு. ஆனா கத்திய நெனச்சாலே அந்தப் புள்ள மூஞ்சிதான் வருது" என்றாராம். ஸ்கூல் பக்கம் மட்டும் வராதீர்கள் என்று சொல்லிவைத்தாள்.

ஆனால் கடனுக்குப் புருஷன் ஜாமீன் போட வேண்டும். நேரில் வர வேண்டும். மனுக்களை விசாரித்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்து ஹாலில் அடுத்த மனு என்னுடையது என்பதால் நானும் பெஞ்சில் இருந்தேன். அடைக்கலம் உள்ளே நுழைந்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கே விளங்கியது தலைவருக்கு விளங்காதா? ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் அவர்.

"என்ன அடைக்கலம், தீபாவளிக்குப் புடவை எடுக்க வந்தப்ப முகம் பளபளன்னு இருந்துச்சே. இது என்ன கோலம்?"

"சமயபுரத்துக்கு வேண்டுதல் சார்."

அந்த மனுஷன் அதைச் சொல்வதற்கு என்ன பாடுபட்டாரோ! தலைவர் விடவில்லை. "அப்படியா? போன மாசம் சாமி இல்லன்னு ஒருத்தர் பேசினப்ப, முன்வரிசையில உக்காந்து கைதட்டிக்கிட்டு இருந்தீங்களே, அதுவும் வேண்டுதலா?"

பொன்னுத்தாய் எழுந்தாள்.

"அவர விட்டுடுங்க சார். நான் உண்டாயிருக்கேன்."

தலைவர் பேனாவை மூடினார். "ரொம்ப சந்தோஷம்மா. பிரசவம் ஆகட்டும்."

"ஏன் சார்? நான் வேலைய விடப்போறதில்லையே."

"விடமாட்டீங்க, சரி. கடன் வாங்கினா மூணு மாசத்துக்குள்ள அஸ்திவாரம் போட்டாகணும். கர்ப்பிணியோட புருஷன் வீடு கட்டலாமா? மூஞ்சியில கத்தி வைக்கவே பயப்படறவரு, மண்ணுல கடப்பாரை வைப்பாரா?"

ஹாலில் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை பொன்னுத்தாய் காத்திருந்தாள். அதிகமாகச் சத்தம் போடுகிற வகுப்பில் அவள் அப்படித்தான் நிற்பாள்.

"அவரு ஏன் சார் வைக்கணும்? மனை என் பேர்ல. கடன் என் பேர்ல. அடமானம் எழுதித் தரப்போறவ நான். வீடு கட்டறது நான். கர்ப்பிணியோட புருஷன் கட்டக்கூடாதுன்னுதானே இருக்கு? கர்ப்பிணி கட்டக்கூடாதுன்னு எங்க இருக்கு?"

தலைவர் பக்கத்தில் இருந்த கமிட்டி மெம்பரைப் பார்த்தார். சீரங்கத்து சம்ஸ்கிருத பண்டிதர். அவர் கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, வெகுநேரம் எதையோ தேடினார்.

"நிஷேதம்னு விலக்கினது பர்த்தாவுக்குத்தான். அவன் க்ஷௌரம் பண்ணிக்கப்படாது, கிருஹம் கட்டப்படாது. ஸ்திரீயைப் பத்தி ஒண்ணும் காணலை" என்றார். கண்ணைத் திறந்து, "ஸ்திரீ கிருஹம் கட்டுவாள்னு பெரியவாளுக்குத் தோணியிருக்காது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பண்டிதர் வாக்கை மீற முடியாமல் கடன் கிடைத்தது. அடுத்துக் கூப்பிட்டது என்னை. என் வீட்டுக்காரர் மழமழவென்று ஷேவ் செய்துகொண்டு வந்திருந்தார். மனை தீர்ந்துவிட்டது என்றார்கள். கொஞ்ச நாள் நான் பொன்னுத்தாயிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொறாமைதான், வேறென்ன?

பூஜை போட்ட அன்றைக்கு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு முதல் கடப்பாரையை அவள்தான் போட்டாள். சாஸ்திரத்தை நம்பாத அடைக்கலம் ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமல், ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பெண் பிள்ளை பிறந்தது. சுவர் எழும்பி வாசக்கால் நின்றிருந்தது. கூரை வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து புறப்பட்ட ஜட்காவில் துணைக்கு நானும் இருந்தேன். அடைக்கலம் அப்போதும் தாடியை எடுக்கவில்லை. பிள்ளைதான் பிறந்துவிட்டதே என்று கேட்டேன். "மூணு நாள் தாண்டட்டும்னு இருந்தேன். தாண்டின பிறகும் போகத் தோணல" என்றார்.

வண்டியை மனைப்பக்கம் விடச் சொன்னாள் பொன்னுத்தாய். இறங்கி, பிள்ளையோடு வாசக்காலைப் பார்த்து நடந்தாள்.

அடைக்கலம் பதறிப்போனார். "பொன்னு, கிரகப்பிரவேசம் ஆகல. நாள் பார்க்கல. பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு..."

"நீங்க இங்கயே நில்லுங்க."

அவள் உள்ளே போனாள். கூடமாகப் போகிற இடத்தில் கொட்டியிருந்த மணலில் உட்கார்ந்து, பிள்ளைக்கு வெயில் படாமல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். பிள்ளை வீறிட்டு அழுதது.

சத்தம் கேட்டு, மனைகளுக்குக் காவல் இருந்த காத்தான் தடியோடு ஓடிவந்தான். "யாருய்யா அது, உள்ள? வெளிய வரச் சொல்லு."

அடைக்கலம் குறுக்கே வந்து நின்றார். அவருடைய தாடியெல்லாம் நனைந்திருந்தது.

"வீட்டுக்காரங்க இருக்காங்கப்பா" என்றார்.