என்னிடம் இல்லாத மறுபாதி

சிங்கப்பூரில், பூன் லேயில் இப்போது தனியாக ஓர் அறையில் இருக்கிறேன். முன்பு நானும் அறைத்தோழன் செல்வமும் ஊரிலிருந்து ரத்த அழுத்த மாத்திரை தருவித்துப் பங்கிட்டுக்கொள்வோம். ஒற்றை அட்டை மிஞ்சினால் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டுவோம். கடைசியாக வெட்டியது, அவன் தீவின் மறுகோடியிலுள்ள பொங்கோலுக்குக் குடிபோன அன்று. அதன்பின் பேச்சு நின்றுவிட்டது.

போன மாதம் வேலையிடத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். கிளினிக்கில் பார்த்தால் அழுத்தம் எகிறியிருந்தது. தவறாமல் மாத்திரை விழுங்குகிறேன் என்றதும் டாக்டர் கணினியில் தேடினார்.

"இந்த மருந்துல ஒரு பேட்ச் சரியில்லன்னு வேற நாட்டுல ஜனங்க புகார் கொடுத்திருக்காங்க. உங்களோட பேட்ச் நம்பர் என்ன?"

மீதியிருந்தது அந்த வெட்டிய பாதி மட்டும்தான். அதில் எண் இல்லை; எண் அச்சிட்ட பாதி செல்வத்திடம் போயிருந்தது.

கூச்சத்தை விட்டுச் செல்வத்தை அழைத்தேன். தன் பாதியை எடுத்து வாசித்தான். டாக்டரின் திரையில் இருந்த அதே எண்!

"அண்ணே, நானும் இதத்தானே சாப்பிடுறேன்," என்றான்.

அன்றே இருவரும் மருந்தை மாற்றினோம். டாக்டர் எங்கள் புகாரையும் அனுப்பிவைத்தார்.

இப்போது நான் அட்டையை வெட்டுவதில்லை. சனிக்கிழமைதோறும் மருந்து எச்சரிக்கைப் பட்டியலைப் படிக்கிறேன். எங்கள் புதிய மாத்திரையின் பெயர் வந்தால் உடனே செல்வத்தை அழைக்க வேண்டும்.

இதுவரை வரவில்லை. நானும் அழைக்கவில்லை.