மீன் பைக்குள் போன பத்திரிகை

பிலோமினா இறந்த செய்தி எனக்கு வானொலியில்தான் வந்தது. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆகவே காலையில் மரண அறிவித்தல் சொல்லும் நேரம் தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருப்பேன். மன்னாரைப் பிறப்பிடமாகவும் ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட பிலோமினா என்றார்கள். மன்னாரில் எத்தனையோ பிலோமினா. நான் பெரிதாக எண்ணவில்லை. பிறகு, இன்னாரின் அன்பு மனைவி என்று ஒரு பெயர் வந்தது. அந்த மனுசனை விட்டு அவள் வெளியேறிப் பல காலம். அவனும் செத்துப் போய்விட்டான். இருந்தும் அவனுடைய பெயரைக் கொண்டுதான் அது எங்கள் பிலோமினா என்று எனக்கு விளங்கியது. யாரின் மகள், யாரின் அக்கா, யாரின் மாமி என்றெல்லாம் சொன்னார்கள். அவள் நடத்திய பத்திரிகையைப் பற்றி ஒரு சொல் இல்லை. தேத்தண்ணி ஆறிப் போனது.

"எங்கட திறப்பு" என்ற அந்தப் பத்திரிகையை அறிந்த பெண்களுக்காகவே இதைச் சொல்கிறேன். நான் சொல்ல, ராணி எழுதுகிறாள். ராணியும் அந்தப் பத்திரிகைக்காரிதான். முதியோர் இல்லத்தில் வேலை செய்து இப்போது ஓய்ந்திருக்கிறாள். "அச்சில் வருகிற தமிழில் எழுது பிள்ளை, ஆனால் ஆட்கள் கதைத்ததைத் திருத்தாதே" என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

பெயரின் காரணத்தை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் இங்கே நிலத்துக்குக் கீழான பேஸ்மென்ற் வீடுகளுக்கு வந்து சேர்ந்த பல பெண்களுக்கு வீட்டுச் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, கையில் இருக்கவில்லை. புருசனிடம் ஒன்று, புருசனின் தம்பியிடம் ஒன்று. அவளுக்கு எதற்கு, அவள் எங்கே போகப் போகிறாள் என்பார்கள்.

நான் அப்போது ஸ்காபரோவில் ஒரு பிளாசாக் கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை, கடையில் சனம் இல்லாத நேரம், தொழிற்சாலை உடுப்போடு ஒரு பெண் வந்து நின்றாள். அவள்தான் பிலோமினா.

"அண்ணை, உங்களுக்கு வாசிக்கத் தெரியாதெண்டு சொல்லிச்சினம். உண்மையோ?"

எனக்குச் சுள்ளென்றது. "மீன் வாங்க வந்தனீங்களோ, சோதினை வைக்க வந்தனீங்களோ?" என்றேன்.

"கோவிக்காதேங்கோ. எனக்கு அப்பிடி ஒரு ஆள்தான் வேணும்."

பிறகுதான் விளக்கினாள். பெண்கள் தங்கள் வீட்டில் நடப்பதை எழுதித் தருகிறார்கள். பெயர் போடுவதில்லை. ஆனால் கையெழுத்தைப் பார்த்தால் புருசன்மார் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் எல்லாவற்றையும் அவளே தன் கையால் திருப்பி எழுதி, போட்டோக்கொப்பி எடுக்கிறாள். தபாலில் அனுப்ப வழியில்லை. தபால்பெட்டித் திறப்பும் புருசனிடம்தான். கொண்டு சேர்க்கிறவர் கடையில் வைத்து அதை வாசித்து, இது இன்னாரின் கதை என்று ஊகிக்கவும் கூடாது.

"மீன் பையை ஒரு ஆம்பிளையும் திறந்து பாக்கமாட்டான் அண்ணை. மணத்துக்குப் பயந்த சிங்கங்கள்" என்றாள்.

"எழுத்துத் தெரியாததுக்காக என்னைத் தேடி வந்த முதல் ஆள் நீதான் தங்கச்சி."

"இனி நிறையப் பேர் வருவினம், பாருங்கோ."

வந்தார்கள். அடையாளம் இதுதான்: நெத்தலியைத் துண்டு போட்டுத் தரும்படி கேட்க வேண்டும். சுண்டுவிரல் அளவு மீனை யார் துண்டு போடுவார்கள்? அப்படிக் கேட்டால் பொலித்தீனில் சுற்றிய பத்திரிகை ஒன்று மீனுக்கு அடியில் போகும். ஒருநாள் ஒருவர் மனைவிக்குப் பின்னாலேயே வந்து நின்றார். அந்தப் பிள்ளை தயங்காமல் நெத்தலியைத் துண்டு போடச் சொன்னாள். அவர் கடை முழுக்கக் கேட்கச் சிரித்தார்.

"நெத்தலியைத் துண்டு போடுறதோ! அண்ணை, இவளுக்கு ஊரில ஒரு சமையலும் பழக்காமல் எல்லோ அனுப்பிப்போட்டினம்."

"பரவாயில்லைத் தம்பி, சில பேருக்கு அப்பிடித்தான் இறங்கும்" என்றேன். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று அவர் நினைத்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. பையை அவர்தான் தூக்கிக்கொண்டு போனார், உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்தபடி.

ஒவ்வொரு பத்திரிகையும் கொப்பி எடுக்க முன்னம் பிலோமினா கடைக்கு வருவாள். கவிழ்த்த மீன் பெட்டியில் இருந்துகொண்டு முழுவதையும் எனக்கு வாசிப்பாள். "உங்களுக்கு விளங்கினால் இரவு வேலைக்குப் போய் வந்து நித்திரைக் கலக்கத்தில வாசிக்கிறவளுக்கும் விளங்கும்" என்பாள். ஒருமுறை ஆணாதிக்கம் என்று வாசித்தாள். "அதென்ன தங்கச்சி?" என்று கேட்டேன். பேனையை எடுத்தாள். அதை வெட்டிவிட்டு, "வீட்டில ஒருத்தர் மட்டும் சத்தமாக் கதைக்கலாம் எண்டிறது" என்று எழுதினாள்.

எனக்கும் சில நேரம் பொறுக்காது. "எல்லா ஆம்பிளையளும் அப்பிடியோ?" என்று ஒருநாள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டேன்.

"எல்லாரும் இல்லை அண்ணை. ஆனா எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம்."

அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

ஒரு பனி மாரியில் ஒரு பிள்ளையின் வீட்டில் அரிசி வாளிக்குள் பத்திரிகை அகப்பட்டுவிட்டது. புருசன் அவளைத் தோள் எலும்பு முறிய அடித்தான். பிலோமினாதான் அவளை ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து பெண்கள் தங்குமிடத்துக்கும் கொண்டுபோனாள். அடுத்த திங்கட்கிழமை வந்து மீன் பெட்டியில் இருந்தாள். வாசிக்க முன்னம் பேனையை எடுத்தாள். அன்று தொடக்கம் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்ந்தது: "வாசிச்சால் கைமாத்து. கடைசியா வாசிக்கிறவள் கிழிச்சுப் போடு." எல்லா இதழிலும் ஒவ்வொன்றை மட்டும் தன்னிடம் ஒரு சூட்கேசில் வைத்துக்கொண்டாள்.

ஏச்சு முழுவதும் அவளுக்குத்தான் விழுந்தது. வேதக் கோயிலில் அவள் இருக்கும் வாங்குப் பலகையில் இருந்து ஆட்கள் எழும்பிப் போனார்கள். குடும்பம் பிரிக்கிறவள் என்றார்கள். ராணி ஒருநாள் அழுதுகொண்டு, "எங்கட எழுத்துக்கு நீங்கள் ஏனக்கா ஏச்சு வாங்கிறியள்?" என்று கேட்டாள். "எல்லாம் என்ர கையெழுத்துத்தானே. விழுறது என்ர தலையிலயே விழட்டும்" என்றாள் பிலோமினா. அதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. மழை வரும்போல கிடக்கு என்பதைப் போலச் சொன்னாள்.

காலப்போக்கில் பெண்கள் கார் ஓடினார்கள், திறப்பும் கைக்கு வந்தது. பத்திரிகை நின்றது. போன மாரியில் பிலோமினா ராணியிடம் சொல்லியிருக்கிறாள்: "பனி போகட்டும். அந்தச் சூட்கேசை ஒரு நூலகத்தில குடுப்பம். உண்மையா நடந்ததெண்டு பிறகு ஆரும் நம்பமாட்டினம்." பனி போக முன்னம் அவள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து சில நாளில் நானும் ராணியும் பஸ் ஏறி மல்வேர்னுக்குப் போனோம். அங்கே பிலோமினா இருந்த அப்பார்ட்மென்றை அவளுடைய தம்பியார் காலிசெய்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. எங்களைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டார்.

"தம்பி, கீழ லொக்கரில ஒரு சூட்கேஸ் இருக்கும். எங்களுக்கு அது ஒண்டு போதும்" என்றேன்.

"பழைய போட்டோக்கொப்பியளோ அண்ணை? அது போயிட்டுது."

"எங்க போயிட்டுது?"

"பேப்பர் போடுற தொட்டிக்குள்ள. லொறி வந்து எடுத்துக்கொண்டு போயிட்டுது."

ராணி நிலத்திலேயே இருந்துவிட்டாள். நான் கேட்டேன், "என்ன எழுதியிருந்ததெண்டு பாத்தனீங்களோ?"

அவருடைய முகம் கோணிப்போனது. "பாத்தனான் அண்ணை. எல்லாம் அக்காவின்ர கையெழுத்து. அடி, உதை, பட்டினி, வயித்தில பிள்ளை கரைஞ்சது… எங்கட அக்கா இவ்வளவும் பட்டவவோ? எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே. இதைச் சனம் வாசிக்க விடலாமோ? அவவின்ர மானம் என்னாகும்?" என்று குழந்தையைப் போல அழத் தொடங்கினார்.

அவை நூறு வீட்டுப் பெண்களின் பாடு, கைமட்டும்தான் அக்காவுடையது என்று அவருக்கு ராணி விளக்கினாள். அவர் கேட்டாரோ தெரியாது. யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பிலோமினா செய்த காரியமே அவளுடைய பத்திரிகையை முடித்துவிட்டது. நான் லிப்டில் இறங்கிப் போய்த் தொட்டியைத் திறந்து கையைவிட்டுப் பார்த்தேன். யாரோ போட்ட பீட்சாப் பெட்டி ஒன்று இருந்தது.

அன்று தொடக்கம் ராணி தெரிந்த பெண்களுக்கெல்லாம் போன் எடுக்கிறாள். மோர்னிங்சைட்டில் இருக்கிறவர்கள், வேறு நகரங்களுக்குப் போனவர்கள், ஒருவரையும் விடவில்லை. எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள். "கிழிச்சுப் போட்டன் ராணியக்கா. பிலோ அக்காதானே சொன்னவ." ஒருத்திகூடச் சொல் கேளாமல் இருக்கவில்லை. வேறு எந்தக் காலத்திலும் இவ்வளவு பேர் அவள் சொல்லைக் கேட்டதில்லை. இதை வாசிக்கிற யாராவது ஒருத்தி மட்டும் கேளாமல் விட்டிருந்தால், துணி அலுமாரிக்குப் பின்னால் ஒரு தாளாவது ஒளித்துவைத்திருந்தால், தயவுசெய்து ராணிக்குச் சொல்லுங்கள். நான் கும்பிட்டுக் கேட்கிறேன்.

இல்லாவிட்டால் மிச்சம் நான்தான். கேட்டது எனக்கு மறப்பதில்லை என்று ஒரு காலத்தில் சொல்லித் திரிந்தவன். இப்போது சொல்லத் தொடங்கினால் ஒருத்தியின் அடி இன்னொருத்தியின் வீட்டுக்குள் போய்விடுகிறது. எது யாருடையது என்று பிரிக்கவும் எனக்கு வழியில்லை. தெரியக் கூடாது என்றுதானே என்னைப் பிடித்தாள்.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். மற்றதையெல்லாம் அவள் தாளைப் பார்த்து வாசித்தாள். ஒருநாள் ஒரு பக்கத்தைத் தாளைப் பாராமல், ஐஸில் கிடந்த பாரை மீனைப் பார்த்தபடி சொன்னாள். அது இது:

"முதல் வின்ரர். அவர் வேலைக்குப் போகேக்க என்ர சப்பாத்தைக் காருக்குள்ள போட்டுக்கொண்டு போவார். கதவு பூட்டிறேல்லை. பூட்டத் தேவையில்லை. பனிக்குள்ள வெறுங்காலோட நான் எங்க போறது? ஒருநாள் பொலித்தீன் பையைக் காலில சுத்திக் கட்டிக்கொண்டு பஸ் தரிப்பு மட்டும் போனன். பஸ்காரன் என்ர காலைப் பாத்தான். காசு கேக்கேல்லை. கடைசித் தரிப்பு மட்டும் போய், அதே பஸ்ஸில திரும்பி வந்தன். அண்டைக்கு ஓடிப்போகேல்லை. போகலாம் எண்டு பாத்து வைச்சன்."

"இது ஆர் எழுதினது தங்கச்சி?" என்று வாய்தவறிக் கேட்டேன்.

"கேக்கிறேல்லை எண்டெல்லோ கதை, அண்ணை" என்று தாளை மடித்தாள்.

தம்பியாருக்கும் இதைச் சொல்லவேண்டும். தம்பி, மற்றதெல்லாம் மற்றவர்களின் கண்ணீர். இது உங்கள் அக்காவுடையது. இதில் மானம் போக ஒன்றும் இல்லை.

அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்தப் பக்கம்தான். ஒவ்வொரு நாளும் வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். முந்தாநாள் பஸ்காரன் காலைப் பார்க்கும் இடத்தில் நின்றுவிட்டேன். அடுத்த வரி வரவே இல்லை. பின்னேரம்தான் வந்தது. வந்த உடனே ராணிக்குப் போன் எடுத்தேன். "எழுதுகிற கொப்பியை எடு பிள்ளை. மற்றதெல்லாம் பிறகு. முதலில் இதை எழுது" என்றேன்.