தலைகீழாக நட்ட வாசக்கால்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பதினைந்து வருஷமாக நோட்டை எடுப்பதும் வைப்பதுமாகவே இருந்தேன். அரசாங்க ஆபீஸ் கொடுத்த சம்பளத்தில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். சாப்பிட்டுவிட்டு ஏசுவதா என்று மனசு தடுத்தது. எட்டாவதோடு நின்றவனுக்கு எழுத்து எதற்கு என்ற வெட்கமும் இருந்தது. ஆனால் காலையில் சாமி முன்னால் நின்று விபூதி பூசும்போதெல்லாம் இது வந்து நெஞ்சில் இடிக்கிறது. இனி முடியாது.

ஆலங்காயம் பக்கத்து ஊரில் நான் தச்சு வேலை செய்துகொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசி அது. நெல்லிவாசல்நாட்டு மலைக்காரர்கள் வீடு கட்டினால் வாசக்கால் செய்ய என்னைத்தான் கூப்பிடுவார்கள். மரத்தை வெட்டும்போதே அதன் அடிப்பக்கத்தில் மஞ்சள் பூசிவிடுவார்கள். காட்டில் நின்ற மாதிரியே அடி கீழேயும் நுனி மேலேயுமாக வாசலிலும் நிற்க வேண்டும். மாற்றி நட்டால் அந்த வீட்டில் குடி நிலைக்காது என்பார்கள். என் நம்பிக்கையும் அதுதான். மஞ்சள் அழிந்துபோனாலும் எனக்குத் தெரியும். கட்டையின் நடுவில் கயிறு கட்டித் தூக்கினால் அடிப்பக்கம் தாழும்.

அப்போது மலையில் கட்டிய அரசாங்க மாணவர் விடுதிகளுக்காகத் தச்சர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். எனக்கும் பரீட்சைக்கு வரச்சொல்லிக் கார்டு வந்தது. மழைக்காலம் முழுக்க உளியைத் துடைத்து வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிழைப்பு எங்களுடையது. அரசாங்க வேலை என்றால் அந்த மூன்று மாதமும் அடுப்பு எரியும்.

ஆளுக்கொரு வாசக்கால் செய்து, ஆபீஸ் முற்றத்து மணலில் ஒரு சாண் ஆழம் நட்டு நிறுத்த வேண்டும். அதுதான் பரீட்சை. தேறிய வாசக்கால்கள் அப்படியே லாரியேறி விடுதிக்குப் போகும். யாரும் மரத்தை மாற்றிவிடக் கூடாது என்று ஸ்டோர்காரர் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு முனையில் சீல் குத்திக் கொடுத்தார். கைக்கு வந்த முனையில் குத்தினார். என் வாசக்காலுக்கான இரண்டு கட்டைகளிலும் அது அடிப்பக்கத்தில் விழுந்தது. நான் முறைப்படி அடியைக் கீழே விட்டு நட்டேன். சீல் மணலுக்குள் போயிற்று.

பரீட்சை அதிகாரி வந்தார். பேண்ட்டு மடிப்பு கலைந்துவிடும் என்று வாழ்நாளில் குனியாத மனிதர். மூலைமட்டம் வைத்துப் பார்க்கவில்லை. இணைப்பு இறுகியிருக்கிறதா என்று ஒரு தட்டுகூடத் தட்டவில்லை.

“சீல் எங்கய்யா?”

“மண்ணுக்குள்ள கீதுங்கய்யா. அடிப்பக்கத்துல குத்திட்டாங்க. அடி கீழதானுங்களே வரணும்?”

“இன்னாய்யா அடி, நுனி? கரும்பா விக்கிற?”

கூட வந்த கிளார்க்குகள் சிரித்தார்கள். சிரிக்கத்தான் அவர்களுக்குச் சம்பளம்.

“ஒரு நிமிஷம், தூக்கிக் காட்டுறேங்க.”

“நட்டதப் புடுங்கக் கூடாது. ரூலு. சீல் இல்லாத மரம் திருட்டு மரம். போய்ட்டு வா.”

எனக்குப் பக்கத்தில் ஒருவன் நட்டிருந்த வாசக்காலின் மூலையில் சுண்டுவிரலே நுழையும். சீல் மேலே பளிச்சென்று இருந்தது. அவன் தேறினான்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள். “ஏங்க, அவுங்க சொன்னபடி நட்டா இன்னா கொறஞ்சி பூடும்?”

“சாமி பாக்குதுமே.”

“ஒழுவுற நம்ம வூட்டையும் அதே சாமிதான் பாக்குது. அதுக்கு இன்னா சொல்றீங்க?”

நான் உளியைத் தீட்ட உட்கார்ந்தேன்.

மறுவருஷம் மறுபடி கார்டு வந்தது. வயசு வரம்புப்படி எனக்கு அதுதான் கடைசித் தடவை. இந்த முறையும் சீல் அடிப்பக்கத்திலேயே விழுந்தது. ஸ்டோர்காரரிடம் போய்க் கும்பிட்டேன். “அந்தப் பக்கமும் ஒண்ணு குத்திக் குடுங்கய்யா.”

“ரிஜிஸ்டர்ல கட்டைக்கு ஒரு குத்துதான்யா. ரெண்டு குத்தினா ரெண்டு கட்டை ஆயிடும்” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

நான் திரும்பி வந்தேன். இரண்டு கட்டைகளையும் கவிழ்த்துப் போட்டு, இணைப்பையெல்லாம் மயிரிழை பிசகாமல் செய்தேன். பிறகு நுனியைக் கீழே விட்டு நட்டேன். கை நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அதிகாரி தூரத்திலிருந்தே சீலைப் பார்த்தார். “இப்பதான்யா தொழில் கத்துக்கினு வந்துகிற” என்றார். நான் இரண்டு கையும் கூப்பி, “உங்க புண்ணியங்க” என்றேன்.

வேலை கிடைத்தது. ரிடையர் ஆகும்வரை உடைந்த ஸ்டூலுக்குக் கால் போட்டேன், மேஜை டிராயருக்குச் சோப்புத் தடவினேன். அத்தனை வருஷத்தில் நான் செய்த பொருளை ஒரு அதிகாரியாவது தடவிப் பார்த்ததில்லை. சீலைப் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். மரமென்றும் மட்டையென்றும் தெரியாத கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஓர் ஆளாக நானும் பஞ்சப்படி வாங்கினேன்.

அந்த வாசக்கால் எந்த விடுதிக்குப் போயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. மலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அதன் வழியாகத்தான் போய் வந்திருப்பார்கள். அவர்களுக்காகத் தினமும் ஒரு சூடம் கொளுத்துகிறேன்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் அதிகாரியின் கதையை மட்டும் சொல்லி என்னை நல்லவனாக்கிவிடாதீர்கள். அடி எது, நுனி எது என்று தெரிந்தவன், தெரிந்தே கவிழ்த்து நட்டான் என்பதையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.